பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதலில் வேலை இருக்கும் திசை, அப்புறம் வீடு

வேலை கிடைக்குமா, வீடு எங்கே பார்ப்பது என்று இரண்டு கேள்விகளாகக் கேட்கிறீர்கள். இந்த ஊரில் இரண்டும் ஒரே கேள்விதான். இங்கே ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு பக்கம் இருக்கிறது.

நான் 2009-ல் வந்ததும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே என்று அல்சூரில் வீடு பிடித்தேன். சுற்றிலும் தமிழ்க் குரல், கோயில், நம்ம ஊர் மளிகைக் கடை. வேலை கிடைத்ததோ ஊரின் இன்னொரு பக்கம், வடமேற்கே பீன்யா தொழிற்பேட்டையில். அப்போது மெட்ரோ கிடையாது. கொடுத்த அட்வான்ஸ் 10 மாத வாடகை, அதனால் உடனே மாறவும் முடியவில்லை. ஒரு வருஷம் பஸ்ஸிலேயே போனது.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இடம் தெரிந்திருக்கும்: கிழக்கே ஒயிட்ஃபீல்டு, வெளிவட்டச் சாலையில் மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், தெற்கே எலக்ட்ரானிக் சிட்டி.

டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களுக்குத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் வருவதற்கு முன்பே இது தொழிற்சாலை ஊர். 1940-ல் விமானம் செய்யும் எச்ஏஎல், 1953-ல் இயந்திரங்கள் செய்யும் எச்எம்டி, 1954-ல் மின்னணுக் கருவிகள் செய்யும் பிஇஎல். இப்படிப்பட்ட பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுத்தே பீன்யாவின் சிறு பட்டறைகள் பல வளர்ந்தன. எச்எம்டி கைக்கடிகாரம் நின்றுபோன பிறகும் பீன்யா ஓடிக்கொண்டிருக்கிறது. சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) ஆபரேட்டர், ஃபிட்டர், டூல் ரூம், குவாலிட்டி என்று கேட்டிலேயே 'ஆள் தேவை' போர்டு தொங்கும். காலையில் பயோடேட்டாவோடு கேட் கேட்டாக ஏறி இறங்குங்கள். டிராயிங்கைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள், நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரைப் பிடிக்கச் சொல்வார்கள். இவ்விரண்டையும் பழகிக்கொண்டு போங்கள். பச்சைத் தட மெட்ரோ அங்கேயே நிற்கிறது, ஆகவே அந்தத் தடத்தில் எங்கே வீடு எடுத்தாலும் சமாளிக்கலாம்.

தையல் தெரிந்தவர்களுக்கு மைசூர் ரோடு, பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸ். விமானப் பாகம், செல்போன் அசெம்பிளி என்றால் வடக்கே தேவனஹள்ளி.

தெற்கே, எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கும் பொம்மசந்திராவில் மருந்து, இன்ஜினியரிங் இரண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ, ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக அதுவரை வந்துவிட்டது, சுமார் 19 கிலோமீட்டர். அந்தப் பக்கம் வேலை கிடைத்தால் ஓசூரிலும் வீடு பாருங்கள். பிள்ளைகள் தமிழ் வழியிலேயே படிக்கலாம் என்பதற்காகவே அங்கே தங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கன்னடம் கட்டாயமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆமாம், கற்றுக்கொள்ளுங்கள். பட்டறையில் சூப்பர்வைசர் சொல்வது புரியாவிட்டால் விபத்து வரை போகும். பஸ் போர்டையும் எண்களையும் படிக்க முதல் மாதத்திலேயே பழகிவிடுங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சேரும் முன்பு, பிஎஃப் கட்டுவது கம்பெனியா கான்ட்ராக்டரா என்று கேளுங்கள். ஏற்கெனவே யுஏஎன் எண் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக இன்னொன்று எடுக்க விடாதீர்கள்.