புதுமுக மாணவருக்கு வைக்கிற ஆங்கிலத் தரம்பிரிப்புப் பரீட்சை, பாட விலக்கு, கிரெடிற்: விளக்கம் தாங்கோ

ஒட்டுசுட்டான்_அக்கா

வணக்கம். தங்கச்சி இந்த முறை பல்கலைக்கழகம் போறாள். பம்பைமடுவோ (வவுனியாப் பல்கலைக்கழகம்) அறிவியல்நகரோ (யாழ் பல்கலைக்கழகத்தின்ர கிளிநொச்சி வளாகம்) எண்டது இன்னும் முடிவாகேல்லை. ரெண்டிலயும் அவள் கேட்டது ஆங்கில மொழிமூலப் பட்டநெறிதான். போன உடனே ஆங்கிலத்தில தரம்பிரிப்புப் பரீட்சை வைப்பினம் எண்டு சொல்லீனம். அதில என்ன வரும்? எதைப் படிச்சுக்கொண்டு போறது? ஏ.எல் பொது ஆங்கிலத்தில 'ஏ' எடுத்தவள். அதைக் காட்டி ஆங்கிலப் பாடத்தில இருந்து விலக்கு எடுக்கலாமோ? எடுத்தால் அந்தப் பாடத்துக்குரிய கிரெடிற் வந்து சேருமோ, இல்லாட்டி வகுப்புக்குப் போகத் தேவையில்லை எண்டதோட சரியோ?

இன்னொண்டு, மச்சான் ஒருத்தர் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) 5 முடிச்சவர். பட்டப்படிப்புக்குப் போனால் அதுக்கு ஏதும் கழிவு உண்டோ?

மின்மினி

அக்கா, சிம்பிள். பாதிக் கேள்வியை எழுதாமல் விட்டிட்டு வரச் சொல்லுங்கோ. கீழ் வகுப்பில போடுவினம், அங்க எல்லாம் லேசு, கண்ணை மூடிக்கொண்டு 'ஏ' எடுக்கலாம்.

குளக்கட்டு

மின்மினி சொன்னதை மட்டும் செய்யாதேங்கோ. ஒவ்வொரு வருசமும் இந்தக் கதை சீனியரிட்ட இருந்து ஜூனியருக்குப் போகுது. கீழ் வகுப்பு எண்டால் பாடவிதானம் குறைவு எண்டு அர்த்தமில்லை, மணித்தியாலம் கூட எண்டுதான் அர்த்தம். மற்றவை அறையில நித்திரை கொள்ளேக்க நீங்கள் மேலதிக ஆங்கில வகுப்பில இருப்பியள். 80 வீத வரவு கேட்கிற இடமெண்டால் அந்த மேலதிக வகுப்புக்கும் வரவு எடுப்பினம். பல இடங்களில கடைசிப் பரீட்சை எல்லாக் குழுவுக்கும் ஒரே வினாத்தாள். அந்த 'ஏ'யால பெரிய லாபமும் இல்லை. கனக்கப் பீடங்களில ஆங்கிலப் பாட அலகு ஜி.பி.ஏ.யில (சராசரித் தரப்புள்ளியில) சேராது, ஆனால் அதில சித்தியடையாமல் பட்டமும் தர மாட்டினம்.

மாறி நடக்கிறதும் உண்டு. பக்கத்தில இருக்கிறவரைப் பார்த்து எழுதி மேல் குழுவுக்குப் போனால் மூண்டாம் கிழமை முழி பிதுங்கும். இதில சித்தி, தவறுதல் எண்டு ஒண்டும் இல்லை. தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவுக்கு எழுதினாலே காணும்.

இனி உள்ளடக்கம். பீடத்துக்குப் பீடம் மாறினாலும் உறுப்புகள் கிட்டத்தட்ட இதுகள்தான்.

இலக்கணப் பல்தேர்வு லேசில தொடங்கி ஏறிக்கொண்டு போகும். கடைசிக் கேள்விகள் பிழைச்சால் கவலைப்படாதேங்கோ, ஆர் எந்தப் படியில நிக்கினம் எண்டு பார்க்கத்தான் அதுகளை வைக்கிறது. பிழை விடைக்குப் புள்ளி கழிப்பினமோ எண்டதை அறிவுறுத்தலில வாசிச்சுப் பார்க்கவேணும். கழிக்காட்டி ஒண்டையும் வெறுமையா விடக்கூடாது.

பிறகு வெற்றிடம் நிரப்புறது. ஒரு பந்தியில ஐஞ்சாவது அல்லது ஏழாவது சொல்லை ஒழுங்கா எடுத்துவிட்டிருப்பினம். இன்னொரு வகையில ஒண்டுவிட்ட ஒவ்வொரு சொல்லிலும் பின்பாதியை வெட்டியிருப்பினம். ரெண்டுக்கும் முறை ஒண்டுதான்: முதல்ல பந்தியை முழுக்க ஒருக்கா வாசிக்கவேணும். முதல் வெற்றிடத்திலயே நிண்டு மல்லுக்கட்டினால் நேரம் போயிடும். விடுபடுகிறதில நிறைய 'இன்', 'ஒன்', 'அற்' போல சின்னச் சொல்லுகள். எங்கட பிள்ளையள் கோட்டை விடுகிறதும் அதிலதான், தமிழில அதுகள் வேற்றுமை உருபுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கிறபடியால்.

எழுத்துப் பகுதிதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும். 100, 150 சொல்லில ஒரு பந்தி கேட்பினம். ரியூசனில மனனம் பண்ணின 'என் கிராமம்' கட்டுரையைக் கொண்டுபோய்க் கொட்டாதேங்கோ. திருத்துறவை முதலாவதா, கேட்டதுக்குப் பதில் இருக்கோ எண்டு பார்ப்பினம். அடுத்தது ஒழுங்கு, அதுக்குப் பிறகுதான் இலக்கணமும் சொல்வளமும். தலைப்புக்கு ஒட்டாத பொன்னான கட்டுரையை விட, ஒட்டின எட்டுச் சின்ன வசனம் கூடப் புள்ளி வாங்கும். வெறுமையா விட்டால், மற்றப் பகுதியில நல்லாச் செய்தவரையும் அடியிலதான் போடுவினம்.

கேட்டல் பகுதி இருந்தால் ஒலி தொடங்க முதல் கேள்வியளை வாசிச்சு முடிக்கவேணும். பேச்சுப் பகுதி இருந்தால், விளங்காத இடத்தில திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறது குற்றமில்லை. வாய் திறக்காமல் இருக்கிறதுதான் குற்றம்.

ஆயத்தம் எண்டு பெரிசா வேண்டாம். ரெண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி வாசிச்சு, அதை அஞ்சு வசனத்தில சொந்தமா எழுதினால் காணும். பரீட்சை கணினியில எண்டால் விசைப்பலகையில தட்டிப் பழகவேணும். போனில ரெண்டு பெருவிரலால தட்டின வேகம் அங்க உதவாது.

கனகராயன்

குளக்கட்டு எழுதியதோடு ஒரு சேர்க்கை. சில இடங்களில் இந்தப் பரீட்சையை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுத விடுவார்கள். மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் பண்ணி வையுங்கள். ஒரே பக்கத்தை இரண்டு இடத்தில் திறக்காதீர்கள், நேரம் முடிந்தால் தானாகவே சமர்ப்பித்துவிடும். சிக்னல் அறுந்தால் நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து, அன்றைக்கே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் சொன்னால் எவரும் நம்புவதில்லை.

இனி விலக்கும் கிரெடிற்றும். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். ஓ.எல்லில் 'சி' எடுத்தால் திறமைச் சித்தி, ஆங்கிலத்தில் கிரெடிற் பாஸ். அந்தக் கிரெடிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல்கலைக்கழகக் கிரெடிற் என்பது வேலை அளவு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி 1 கிரெடிற் என்றால் 50 மணித்தியாலக் கற்றல், விரிவுரை, சுயபடிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து. வருடத்துக்கு 30 கிரெடிற். மூன்று வருடப் பட்டம் 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120.

பொது ஆங்கிலத்தில் 'ஏ' நல்ல விசயம், ஆனால் அது தானாக விலக்குத் தராது. உங்கள் பீடத்தின் மாணவர் கைநூலில், இன்ன தகைமை இருந்தால் இன்ன பாட அலகிலிருந்து விலக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் தரம்பிரிப்புப் பரீட்சையில் உயர்நிலைக் குழுவுக்குப் போவதுதான் அந்த 'ஏ'யின் பயன். ஐ.ஈ.எல்.ரி.எஸ் (சர்வதேச ஆங்கிலப் பரீட்சை) கையில் இருப்பவர்கள் கவனிக்க: பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும்.

இரண்டாவது, விலக்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பாடமும் கழிந்து கிரெடிற்றும் கணக்கில் சேருவது. மற்றது, பாடம் கழியும், கிரெடிற் சேராது, அந்த இடத்துக்கு வேறு பாட அலகு எடுத்து நிரப்ப வேண்டும். 2 கிரெடிற் பாடம் என்றால் 100 மணித்தியாலம். முதல் வகையில் அது மிச்சம். இரண்டாம் வகையில் ஒன்றும் மிச்சமில்லை, தெரிந்த பாடத்தை விட்டுத் தெரியாத பாடத்துக்குப் போகிறீர்கள். விண்ணப்பத்தில் கையொப்பம் வைக்க முதல் இதில் எது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஜி.பி.ஏ.யில் சேரும் பாடத்துக்கு விலக்குக் கேட்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். விலக்குப் பெற்ற பாடத்துக்குத் தரப்புள்ளி வராது. ஒரு வருடக் கணக்கைப் பாருங்கள். 30 கிரெடிற்றில் 21க்கு 'பி பிளஸ்' (3.3), 3க்கு 'சி' (2.0), உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த 6 கிரெடிற்றுக்கு 'ஏ' (4.0). கூட்டினால் 99.3, முப்பதால் பிரித்தால் 3.31. அதே ஆள் அந்த 6 கிரெடிற்றுக்கு விலக்கு எடுத்திருந்தால் 75.3ஐ 24ஆல் பிரிக்க வேண்டும். வருவது 3.14. பல பீடங்களில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவின் கோடு 3.30. பட்டம் முழுவதுக்கும் இப்படியே போனால் வகுப்பே மாறிவிடும். கைக்குச் சுலபமான பாடத்தை விலக்கிவிட்டுக் கஷ்டமான பாடங்களை மட்டும் வைத்திருப்பது பல வேளை நட்டம்.

கணக்கியல் படிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வரி. பட்டம் முடித்தவருக்குத் தொழில்சார் நிறுவனங்கள் விலக்குத் தருகின்றன. உதாரணத்துக்கு ஏ.சி.சி.ஏ.யில் 13 பாடத்தில் 9 வரை. இது பட்டத்திலிருந்து அங்கே போகும் வழி. அங்கிருந்து பட்டத்துக்குள் வரும் வழியும் அப்படியே திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

லேத்_மெசின்

மச்சானுக்கு. கனகராயன் சொன்ன இலங்கைத் தகைமைச் சட்டகத்தில (எஸ்.எல்.கியூ.எஃப்) என்.வி.கியூ 5 எண்டது எஸ்.எல்.கியூ.எஃப் 3ஆம் படிக்குச் சமன், டிப்ளோமா. என்.வி.கியூ 6 எஸ்.எல்.கியூ.எஃப் 4, உயர் டிப்ளோமா. என்.வி.கியூ 7 பட்டம், எஸ்.எல்.கியூ.எஃப் 5. படி சமன் எண்டதால கிரெடிற் தானா வந்து விழும் எண்டு நினைச்சால் அங்கதான் சறுக்கல். சமன் எண்டது அடுத்த படிக்கு ஏறுகிற தகுதி. முதல் வருசத்தைத் தாண்டலாமோ எண்டது போற இடத்தின்ர முடிவு.

ஏ.எல் இசட் புள்ளியில ஆள் எடுக்கிற வழியால இந்தச் சான்றிதழோட உள்ள போக ஏலாது. இதுக்கெண்டே இருக்கிறது இரத்மலானையில உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யுனிவொடெக்). என்.வி.கியூ 5, 6 முடிச்சவை தொழில்நுட்பப் பட்டத்துக்கு அங்க விண்ணப்பிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தையும் ஒருக்கா விசாரியுங்கோ, அதுக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலயே பிராந்திய நிலையம் இருக்கு.

படிக்காமல் வேலைத்தளத்தில பழகின ஆக்களும் இதை வாசிப்பினம் எண்டபடியால் இதையும் எழுதுறன். வெல்டிங், வயரிங், மோட்டார் திருத்தம் எண்டு வருசக்கணக்கா கை பழகினவைக்கு முன்னறிவை அங்கீகரிச்சு என்.வி.கியூ தாற முறை இருக்கு. வகுப்பில குந்தத் தேவையில்லை. முதல்ல ஆதாரக் கோவை ஒண்டு சேர்க்கவேணும்: வேலை கொடுத்தவரின்ர கடிதம், செய்த வேலையின்ர படங்கள், சம்பளத் துண்டு, பில். பிறகு மதிப்பீட்டாளர் நேரில கதைச்சு, தேசியத் தேர்ச்சி நியமத்தில உள்ள ஒவ்வொரு அலகையும் செய்து காட்டச் சொல்லுவார். கனபேர் வேலையில விழுறேல்லை. பாதுகாப்பு, அளவீடு, பதிவு எழுதுறது, இந்த அலகுகளிலதான் விழுறவை. கையுறை, கண்ணாடி போடாமல் வெல்டிங் பிடிச்சுக் காட்டினால், ஒட்டு எவ்வளவு வடிவா இருந்தாலும் அந்த அலகு போச்சு. சரிவந்த அலகுகளுக்குப் பதிவு தருவினம், மிச்சத்தைப் பிறகு முடிக்கலாம்.

ஒட்டுசுட்டான்_அக்கா

எல்லாருக்கும் நன்றி. ஜி.பி.ஏ. கணக்கை ரெண்டு தரம் போட்டுப் பார்த்தன், சரிதான். சித்தப்பாட மகன் மாணவர் விசாவில அமெரிக்கா போறான். அங்க பரீட்சை எழுதியே பாடங்களைக் கழிக்கலாம் எண்டு சொல்லுறான். உண்மையோ?

தூரப்பனை

உண்மை. அங்கே அது பழைய வழக்கம். க்ளெப் என்ற பரீட்சைத் தொகுதி கொலிஜ் போர்ட் நடத்துவது, 34 பாடங்கள். பெரும்பாலானவை 90 நிமிடம், புள்ளி 20 முதல் 80 வரை, பிழை விடைக்குக் கழிவு இல்லை. 50 எடுத்தால் கிரெடிற் கொடுக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை, ஆனால் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். சில இடங்கள் கூடக் கேட்கும், சில இடங்கள் ஏற்பதே இல்லை. அதனால் பணம் கட்ட முதல் அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்டவணையில் பாடத்தின் பெயர், வேண்டிய புள்ளி, தரும் கிரெடிற் மூன்றையும் பார்க்கவேணும். தவறினால் அதே பாடத்தைத் திரும்ப எழுத மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

கணிதத்துக்குப் பல இடங்களில் அலெக்ஸ் என்ற தரம்பிரிப்பு. இது கிரெடிற் தராது, எந்தக் கணித வகுப்பில் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லும். 30 கேள்விக்குள் முடியும், விடைக்கேற்ப அடுத்த கேள்வி மாறும், முந்திய கேள்விக்குத் திரும்ப முடியாது. ஏ.எல் இணைந்த கணிதம் செய்தவர்களும் இதில் குறைய எடுப்பதுண்டு. நுண்கணிதம் நன்றாக வரும், பின்னச் சுருக்கல், மடக்கை, திரிகோண கணிதச் சமன்பாடு மறந்திருக்கும். ஒரு தரத்துக்கு மேல் எழுத விடுவார்கள், இடையில் உள்ள பயிற்சிப் பகுதியைச் செய்துவிட்டு எழுதட்டும்.

மாணவர் விசா என்றபடியால் இன்னொன்று. முதற்பட்டம் படிப்பவர் தவணைக்குக் குறைந்தது 12 கிரெடிற் படிக்க வேண்டும். பரீட்சையால் கழித்த கிரெடிற் அந்த 12க்குள் வராது. அளவுக்கு மீறிக் கழித்துவிட்டுக் கடைசித் தவணையில் எடுக்கப் பாடமில்லாமல் நிற்பவர்களும் உண்டு.

கனகராயன்

தங்கச்சி விலக்குக் கேட்பதென்று முடிவெடுத்தால், தவணை தொடங்கி முதல் கிழமைகளிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பாட மாற்றத்துக்குரிய கடைசித் திகதிக்குப் பிறகு பீடச் சபை எடுத்துப் பார்ப்பது கடினம். பெறுபேற்றுச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, முன்பு படித்த பாடத்தின் முழுப் பாடவிதானம், எத்தனை மணித்தியாலம், எப்படி மதிப்பிட்டார்கள் என்ற விபரம், இவ்வளவும் இணைக்க வேண்டும். சான்றிதழை மட்டும் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லையென்று திருப்பி அனுப்புவார்கள். தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து எடுங்கள்.

பதில் எழுத்தில் வரும்வரை அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். விலக்குக் கிடைக்கும் என்று வீட்டில் நின்றுவிட்டு, மறுத்த கடிதம் ஏழாம் கிழமை வந்தால் 80 வீத வரவு அப்போதே போய்விடும். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்கி வையுங்கள்.

குளக்கட்டு

பம்பைமடு எண்டால் இதையும் சொல்லி விடுங்கோ: அது வவுனியா ரவுணுக்குள்ள இல்லை, மன்னார் வீதியில. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்தால் வவுனியாவில இறங்கி அடுத்த பஸ் பிடிக்கவேணும். காலமைப் பரீட்சையெண்டால் முதல் நாளே வந்து நிக்கிறது நல்லம்.