மறு: ‘திறமூல நுண்ணறிவு’ வேண்டாமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஓசின்ட்’டுக்கு (ஓப்பன் சோர்ஸ் இன்டெலிஜென்ஸ்: எவருக்கும் கிடைக்கிற படம், காணொலி, பதிவுகளைக் கொண்டு உண்மையைத் துருவிக் கண்டுபிடிப்பது) தமிழ் கேட்டு நான் போட்ட மடலுக்கு இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. செய்தியாளர் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வந்த சொற்களைப் பற்றி எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

> திறமூலம் ஏற்கெனவே நிலைத்த சொல். ‘திறமூல நுண்ணறிவு’ என்றால் வேலை முடிந்தது.

நிலைத்த சொல் என்பதுதான் ஐயா சிக்கலே. திறமூலம் என்றதும் நம்மவர்களுக்கு லினக்ஸ் மாதிரி மென்பொருள்தான் ஞாபகம் வரும். அங்கே மூலம் என்பது மூலநிரல். இங்கே செய்தி கிடைக்கிற இடம். கூடவே ‘நுண்ணறிவு’ம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதல் வரைவில் இதைத்தான் போட்டிருந்தேன். பிழைதிருத்துபவர் முன்னால் ‘செயற்கை’ விட்டுப்போயிற்று என்று நினைத்துச் சேர்த்து அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

> அப்படியானால் ‘திறந்த உளவு’.

இந்தத் தொழில் அரசுகளின் உளவு வேலையிலிருந்து வந்தது உண்மைதான். 1939-இல் பிபிசியும் 1941-இல் அமெரிக்காவும் பிறநாட்டு வானொலிகளை ஆள் வைத்துக் கேட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கின. அரசு செய்தால் உளவு, சரி. தமிழில் ஒரு செய்தியாளரைப் பற்றி ‘உளவு பார்த்தார்’ என்றால் அது குற்றச்சாட்டு. வழக்குப் போடக் காத்திருப்பவருக்கு நாமே சொல்லெடுத்துக் கொடுப்பானேன்?

> வள்ளுவரே ‘ஒற்று’ தந்திருக்கிறாரே.

தந்திருக்கிறார். ஆனால் ஒற்றுக்கு அழகு தன்னை மறைத்துக்கொள்வது. இந்த வேலைக்கு அழகு அதற்கு நேர்மாறு: எந்தப் படத்தை எதோடு ஒப்பிட்டோம் என்பதை வாசகருக்கும் திறந்து காட்டுவது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிற குறளை மட்டும் கையேட்டு முகப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

> வெளித்துப்பு?

பேருந்து நிலையச் சுவரில் எழுதியது மாதிரி இருக்கிறது, நண்பரே.

என் பரிந்துரை: பொதுவெளிப் புலனாய்வு. புலனாய்வு இதழியல் என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதன் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலேயே ‘இன்டெலிஜென்ஸ்’ வேறு, ‘இன்வெஸ்டிகேஷன்’ வேறு என்று பிரிக்கிறார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் இருப்பது இரண்டாவதுதான்.

சொல் தாங்குகிறதா என்று ஒரு செய்தியில் வைத்துப் பார்த்தேன். 2018 ஜூலையில் ஒரு காணொலி பரவியது. சீருடைக்காரர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் நடத்திக்கொண்டுபோய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். கேமரூன் அரசு முதலில் பொய்ச்செய்தி என்று தள்ளியது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு காணொலியின் தொடக்கத்தில் தெரிந்த மலைமுகட்டின் கோட்டை எடுத்துக்கொண்டு மலைமலையாக ஒப்பிட்டது. ‘ஸெலெவெட் பக்கம் பார்த்தீர்களா?’ என்று கேமரூன்காரர் ஒருவர் சொன்ன துப்பு வந்தபிறகு மேடும் பள்ளமும் அப்படியே பொருந்தின. அந்த ஊர் கேமரூனின் வடகோடியில், நைஜீரிய எல்லையருகே. காட்சியில் இருந்த கட்டடங்கள் எந்தச் செயற்கைக்கோள் படத்தில் உண்டு, எதில் இல்லை என்று பார்த்து ஆண்டை நெருங்கினார்கள். சீருடைக்காரர்கள் நடந்த ஒற்றையடிப் பாதை வறண்ட மாதங்களில் மட்டுமே மேலிருந்து தெரிவது. கடைசியில் நடந்துபோகிற சிப்பாயின் நிழல். நம் ஊரில் வெயிலில் நின்று தன் நிழலை அடியால் அளந்து நாழிகை சொல்வார்களே, அதே கணக்கு. 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் என்று வந்தது. 2020 செப்டம்பரில் நான்கு சிப்பாய்களுக்குப் பத்தாண்டு, படம் பிடித்தவருக்கு இரண்டாண்டு சிறை.

இதை எழுதும்போதுதான் இன்னொன்று தட்டுப்பட்டது. காட்சி எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்கும் ‘ஜியோலொகேஷன்’, நேரத்தைக் கண்டுபிடிக்கும் ‘க்ரோனோலொகேஷன்’ இரண்டுக்கும் புவியிடமாக்கல், காலவிடமாக்கல் என்று பல்லை உடைக்கும் சொற்களை வைத்திருந்தேன். அகப்பொருள் இலக்கணம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும்தானே? ஒரு காட்சி எங்கே, எப்போது என்பதுதான் முதல் கேள்வி, பாட்டானாலும் காணொலியானாலும். ஆகவே நிலமறிதல், பொழுதறிதல். பாதை பெரும்பொழுதைச் சொன்னது; நிழல் நாள் கணக்குவரை இறங்கிச் சொன்னது. துப்பாக்கி, சீருடை எல்லாம் கருப்பொருள் என்று சொல்ல ஆசைதான், அடக்கிக்கொண்டேன்.

> ‘பொதுவெளி’ என்றால் தெருவும் மைதானமும் இல்லையா? விலை கொடுத்து வாங்கும் செயற்கைக்கோள் படம் எப்படிப் பொதுவெளி ஆகும்?

நல்ல கேள்வி அம்மா, இதற்குத்தான் ஒரு நாள் போயிற்று. மேலே சொன்ன ஐ.நா.-பெர்க்லி நெறிமுறையின்படி, எவரும் பார்க்கலாம், விலைக்கு வாங்கலாம், கேட்டுப் பெறலாம் என்றால் அது பொது. அத்துமீறி நுழைந்து எடுத்தது சேராது. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைப்பதால் செயற்கைக்கோள் படம் உள்ளே வரும். ரஷ்ய எதிரணித் தலைவர் நவால்னிக்கு நஞ்சு வைக்கப்பட்டது பற்றி 2020 டிசம்பரில் பெல்லிங்கேட் என்ற புலனாய்வுக் குழுவும் கூட்டாளிகளும் வெளியிட்ட புலனாய்வுக்கு ரஷ்யக் கள்ளச்சந்தையில் தொலைபேசிப் பதிவுகளை வாங்கினார்கள். பெரிய வேலைதான், ஆனால் என் கணக்கில் அந்தப் பகுதி பொதுவெளிப் புலனாய்வு ஆகாது. சொல் அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுக்கிறது என்பதாலேயே எனக்கு இது பிடித்திருக்கிறது. ‘திறந்த’ என்று போட்டால் கதவை யார் திறந்தார்கள் என்பது மழுப்பிப் போகும்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் அகப்பட்டால் அனுப்புங்கள், மாற்றிவிடுகிறேன்.

பி.கு.: பொதுவெளிப் புலனாய்வில் ‘ப்’ மிகும். நான் வேண்டாம் என்றது அந்த ஒற்றை அல்ல.