புதுப்பிப்பு: இணை வழிகாட்டி பற்றி நான் கேட்டிருந்த கேள்வி

நுண்ணுயிரியலில் முதுகலை முடித்த நான், இரும்பை அரிக்கும் பாக்டீரியாக்கள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்கு மின்வேதியியலாளர் ஒருவரையும் வழிகாட்டியாகக் கொள்ளலாமா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவரும் காரைக்குடியில் இருந்துகொண்டு தயங்க வேண்டாம் என்று பலர் எழுதினீர்கள்.

இப்போது நுண்ணுயிரியல் பேராசிரியர் முதன்மை வழிகாட்டியாகவும், மின்வேதியியலாளர் இணை வழிகாட்டியாகவும் உள்ளனர். தலைப்பு எந்தத் துறையைச் சேர்ந்தது என்ற கேள்வியிலேயே பதிவு சில மாதங்கள் தாமதமானது. அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக உள்ளது.

ஊருணிச் சேறும் நீரும் நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடியிருந்த புட்டியிலிருந்து எஃகுத் துண்டை எடுத்தபோது, அழுகிய முட்டை நாற்றத்துடன் கரிய படலம் ஒட்டியிருந்தது. சல்பேட்டை ஒடுக்கும் (அதாவது, அதை சல்பைடாக மாற்றும்) பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்புடன் சேர்ந்து இரும்பு சல்பைடாக மாறுவதால் வரும் கருமை அது. அவற்றை வளர்த்து இனங்காண எனக்குத் தெரியும். ஆனால் அரிமானத்தின் வேகத்தை மின்னோட்டமாக அளந்து, கிருமிநீக்கம் செய்த புட்டியில் கிடைக்கும் அளவீட்டோடு ஒப்பிட்டால்தான் பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியும் என்பதை இணை வழிகாட்டியே கற்றுத்தந்தார்.

இவ்வழியில் வர விரும்புவோர், இருவரின் ஒப்புதலையும் பதிவுக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.