சனிக்கிழமை சூரை

டேனி: சனிக்கிழமை விடியற்காலை வள்ளம் பேசியாகிவிட்டது. ஆலாப் பறவை கூட்டம் கூட்டமாகக் கடலில் விழுகிறதாம், அடியில் சூரை மீன்தான். யார் யார் வருகிறீர்கள்?

ரோஸி அத்தை: ஞாயிறு வைத்தால் மாமாவுக்கும் லீவுதானே

டேனி: ஞாயிறு தூத்துக்குடியில் யார் அத்தை கடலுக்குப் போவார்கள்

பிரின்ஸ்: நான் பெங்களூரிலிருந்து வருவது சூரைக்கா? நெய்மீன் இல்லையா மச்சான்

டேனி: குழம்புக்கு என்றால் நெய்மீன், சரி. தூண்டிலில் இழுவை வேண்டுமென்றால் சூரை. 3 கிலோ மீன் பாதி ரீலை ஒரே மூச்சில் உருவிக்கொண்டு ஓடும், பக்கத்தில் வந்துவிட்டதே என்று நினைக்கும்போது வள்ளத்துக்கு அடியில் வட்டம் போட ஆரம்பிக்கும், அங்கேதான் கை விட்டுப்போகும்.

பிரின்ஸ்: 80 கிராம் ஜிக், அதுதான் மீன் மாதிரி இருக்கும் உலோகத் தூண்டில் இரை, வாங்கி வைத்திருக்கிறேன்

டேனி: அதை வீட்டிலேயே வை. நெத்திலி மேய்கிற நேரத்தில் பெரிசைத் திரும்பியே பார்க்காது. 20, 30 கிராம் போதும், விழுந்ததும் கை எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வேகமாகச் சுற்று. கூட்டத்துக்குள் வள்ளத்தை ஓட்டினால் எல்லாம் அடியில் இறங்கிவிடும், தள்ளி நின்றுதான் வீச வேண்டும்.

ரோஸி அத்தை: மீனைக் கொண்டு வராதீர்கள். போன தடவை சாப்பிட்டு ஜெனிக்கு முகமெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு

அந்தோணி மாமா: மீன் மேல் குற்றம் இல்லை, வெயிலில் கிடந்திருக்கும். சூரையின் உடம்பு கடல் தண்ணீரைவிடச் சூடு, போராடினால் இன்னும் ஏறும். ஐஸ் இல்லாமல் போட்டால் ஹிஸ்டமின் என்று அரிப்பு தருகிற பொருள் உண்டாகும், அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. பிடித்த கையோடு செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டு, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டியில் அமுக்க வேண்டும் மருமகனே.

ஜெனி: மார்புத் துடுப்புக்குக் கீழே கரும்புள்ளி இருந்ததே, அதுதானா மாமா?

அந்தோணி மாமா: அதேதான், அது சாதாரணச் சூரை. வயிற்றில் நீளக்கோடு ஓடினால் வரிச்சூரை. எலிச்சூரைக்கு முதுகுத் துடுப்பு இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும்.

பிரின்ஸ்: பிடித்துவிட்டுத் திரும்பக் கடலில் விட்டால்?

டேனி: விடலாம், ஆனால் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இருக்காதே. நீந்தினால்தான் அதற்கு மூச்சு. தலை முன்னால் போகிற மாதிரி வேகமாகத் தண்ணீருக்குள் எறி, அதுவே ஓடிவிடும்.

ரோஸி அத்தை: எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள், மாசிக் கருவாட்டுக்கு நாலு வேண்டும்

டேனி: 😂 இப்போதுதான் கொண்டு வராதே என்றீர்கள்

ரோஸி அத்தை: ஐஸில் வைத்துக் கொண்டு வந்தால் வேண்டாம் என்றேனா

பிரின்ஸ்: ஐஸ் என் பொறுப்பு. மாமா, இரண்டு பார் போதுமா?

அந்தோணி மாமா: மூன்று வாங்கு, ஒன்றை உடைத்தே வாங்கு