நம்ம வீடு: கென்யா போற பேச்சு

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 7:12)
எல்லாருக்கும் வணக்கம். கென்யாவுல ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன்ல, நேத்து ராத்திரி கடிதம் வந்திருச்சு. என்னைய எடுத்துட்டாங்க! 6 மாசம். ஆபீஸ் நைரோபியில. ஆனா பாதி நாள் முராங்கான்னு ஒரு ஊருப்பக்கம், தேயிலை போடுற சின்ன விவசாயிங்க கூட. போன் வழியா காசு, கடன், சேமிப்பெல்லாம் அவங்க கைக்கு எப்படி வந்து சேருதுன்னு பாக்குற வேல.

தம்பி (7:13)
அக்காஆஆ ❤️❤️❤️ அம்மா அழுவுறாங்க. சந்தோசத்துலதான்

சித்தி குவைத் (7:20)
ரொம்ப சந்தோசம் புள்ள. ஆனா மொதல்ல இதச் சொல்லு. காசு கட்டச் சொன்னாங்களா? ஏஜென்சி யாராவது நடுவுல இருக்கானா? கடிதத்துல சம்பளம், தங்குற எடம், வேல நேரம் எல்லாம் எழுத்துல இருக்கா?

நான் (7:24)
ஒரு சதம் கேக்கல சித்தி. ஏஜென்சியும் இல்ல. பேராதனை கம்பஸ்ல எங்க விவசாய பீடத்து மேடம் ஒருத்தங்கதான் விவரம் சொன்னாங்க. டிக்கெட் அவங்க போடுறாங்க. மாசம் குடுக்குறது ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போகும். வீட்டுக்கு அனுப்புற அளவுக்கு மிஞ்சாது, அத இப்பவே சொல்லிர்றேன்.

சித்தி குவைத் (7:26)
பாஸ்போர்ட்ட யார் கேட்டாலும் கையில குடுக்காத. போட்டோ கொப்பி மட்டும் குடு. நான் வந்த புதுசுல குடுத்துட்டு ரெண்டு வருசம் திரும்ப வாங்க முடியாம இருந்தேன். அனுமதி என்ன வகைன்னும் கேளு. சுத்திப் பாக்க வர்ற அனுமதியில போய் வேல செய்யாத.

நான் (7:29)
கேட்டேன் சித்தி. கென்யாவுக்கு 2024 ஜனவரியில இருந்து விசாவுக்குப் பதிலா ஒன்லைன்ல பயண அனுமதி எடுக்கணும். பயிற்சிக்கு வேற அனுமதி. அத அவங்களே எடுத்து அனுப்புறாங்க. அது கைக்கு வராம பிளேன் ஏறமாட்டேன்.

மாமா நானுஓயா (8:05)
இப்பதான் பாத்தேன். நல்ல விசயம். ஆனா மாமா மனசுல பட்டதச் சொல்றேன், கோவிச்சுக்காத. தோட்டத் தொழிலாளர் லயத்துல இருந்து கம்பஸ் போன மொத புள்ள நீ. பேங்குல ஒரு வேல எடுத்தா அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போறத நிப்பாட்டலாம். 6 மாசம் அங்க போய் என்ன கொண்டுவரப் போற? நம்ம ஊருக்கு அதுல என்ன இருக்கு?

பெரியப்பா கந்தப்பளை (8:31)
நானுஓயாத் தம்பி, நம்ம ஊருக்கு இருக்கு. நான் சொல்றேன். எனக்கு அரை ஏக்கருக்கும் கொறவான மரக்கறித் தோட்டம். கரட், லீக்ஸ், ஒரு போகம் கிழங்கு. 2021ல அரசாங்கம் ரசாயன உரத்த நிப்பாட்டுனப்ப கிழங்கு பாதிக்குப் பாதி போச்சு. அடுத்த போகத்துக்கு வெதக்கிழங்கு வாங்க பேங்குக்குப் போனேன். நெலத்துக்கு உறுதிப் பத்திரம் இருக்கான்னு கேட்டாங்க. தோட்டத்து நெலத்துக்கு நான் எங்க போறது உறுதிக்கு? 22 வருசமா அதே மண்ணுல வெவசாயம் பண்றேன், எந்தப் போகம் எத்தன மூட்ட எறக்குனேன்னு கொப்பியில எழுதி வச்சிருக்கேன். அந்தக் கொப்பிய அவங்க தொறந்துகூடப் பாக்கல.
கடைசியில உரக்கடை முதலாளிகிட்ட கடன். வெளைஞ்சத அவரு சொல்ற ஆளுக்கு, அவரு சொல்ற வெலைக்குத்தான் குடுக்கணும்.

நான் (8:40)
பெரியப்பா, நான் விண்ணப்பத்துல எழுதுனதே உங்க கொப்பியப் பத்தித்தான். இத ஒருநாளும் உங்ககிட்ட சொல்லல.

நான் (8:52)
மாமா, நீங்க கேட்டது சரியான கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.
தேயிலைன்னா நமக்குப் பெரிய தோட்டம், தொர, காலையில பேர் கூப்பிடுற பெரட்டு, இதுதான் ஞாபகம் வரும். ஆனா இலங்கைத் தேயிலையில முக்கால்வாசிக்குக் கிட்ட வர்றது சின்னத் தோட்டக்காரங்ககிட்ட இருந்து. ரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் அவங்கதான் கூட. கென்யாவுலயும் பாதிக்கு மேல சின்ன ஆளுங்க போடுற தேயிலைதான். அங்க 1964ல அவங்களுக்காகவே ஒரு அமைப்ப உண்டாக்குனாங்க, கேடிடிஏன்னு சொல்வாங்க. 2000ல அது அரசாங்கத்துகிட்ட இருந்து விவசாயிங்களோட கம்பெனியா மாறிச்சு. 6 லட்சத்துக்கும் மேல விவசாயிங்க அதுல இருக்காங்க. கொழுந்த மடுவத்துல மின்தராசுல நிறுத்து, அவங்கவங்க கணக்குல பதியிறாங்க. மாசாமாசம் கிலோவுக்கு இவ்வளவுன்னு ஒரு காசு. வருசக் கணக்கு ஜூன்ல முடிஞ்சதும், வித்த வெலையப் பாத்து இன்னொரு பெரிய காசு. அதப் போனஸ்னு சொல்றாங்க.
அந்தக் கொழுந்துக் கணக்கக் காட்டியே கடன் வாங்கலாம். நெலத்து உறுதிக்குப் பதிலா, இத்தன வருசம் இத்தன கிலோ குடுத்திருக்கேன்ங்கிற கணக்கு. பெரியப்பாவோட கொப்பிக்கு அங்க மதிப்பு இருக்கு மாமா. அது எப்படி நடக்குது, எங்க தப்பாப் போகுதுன்னு கிட்ட நின்னு பாக்கணும்.

தம்பி (9:10)
அக்கா, அம்மா ஏதோ சொல்லணுமாம். வாய்ஸ் போடச் சொன்னா வேணாங்கிறாங்க. அவங்க சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்

தம்பி (9:31)
(அம்மா சொல்றது) பாப்பா, நீ போ. நான் தடுக்கல. ஆனா கடன லேசாக் குடுக்குறத நல்லதுன்னு மட்டும் நெனச்சிட்டுப் போகாத. எனக்கும் லேசாத்தான் குடுத்தாங்க. 2017ல, நீ ஏலெவல் படிக்கையில. உறுதி கேக்கல, சம்பளத்துண்டு கேக்கல. அஞ்சு பொம்பளைங்க ஒரு குழு, ஒருத்திக்கு ஒருத்தி கையெழுத்து. 50,000 ரூபா. கிழமைக்கு 1,300, ஒரு வருசம். ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் காலையில 10 மணிக்கு மீட்டிங். அன்னைக்கு மலைக்குப் போகாட்டி பேர் இல்ல, அதாவது அன்னைக்குச் சம்பளம் இல்ல, போனா மீட்டிங் இல்ல. சம்பளம் வர்றது மாசத்துல ஒரு நாளு, கடன் வர்றது நாலு நாளு. கொழுந்து இல்லாத மாசத்துல அரைப்பேர் போட்டாலும் செவ்வாக்கிழமை மட்டும் முழுசா வந்திரும்.
ஒருத்தி கட்டலன்னா மத்த நாலு பேரும் கட்டணும். கட்டி முடிக்கிற வரைக்கும் வாசப்படியில உக்காந்திருப்பாங்க. என் தோடு அப்பதான் போச்சு. பக்கத்து லயத்து அக்கா இன்னைக்கும் என்கூடப் பேசுறதில்ல. இப்ப நீ சொல்றது போன்லயே கடன். வாசல்ல உக்காந்தவன் போயிருவான், போன் ராத்திரியும் தலமாட்டுலதானே இருக்கும்?

தம்பி (9:32)
அம்மா இவ்வளவு பேசி நான் பாத்ததில்ல

சித்தி குவைத் (9:40)
அந்தத் தோடு நான் மொத சம்பளத்துல வாங்கி அனுப்பினது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அக்கா.

நான் (10:15)
அம்மா, நீங்க சொன்னத நாலு தடவ வாசிச்சிட்டேன். போன் கடனப் பத்தி நீங்க பயப்படுறது கென்யாவுல நடந்திருக்கு. ஒளிக்காம சொல்றேன்.
அங்க எம்-பெசான்னு ஒண்ணு இருக்கு. பெசான்னா சுவாகிலி மொழியில காசு. 2007 மார்ச்ல வந்திச்சு. நம்ம நாட்டுல இதே மாதிரி ஈசி கேஷ் வந்தது 2012லதான். கடையில காசக் குடுத்தா போன்ல ஏறும், இன்னொரு ஊரு கடையில எடுத்துக்கலாம். பேங்க் கணக்கு வேணாம், சாதாரண பட்டன் போன் போதும். அது எதுக்காக ஆரம்பிச்சாங்க தெரியுமா? நுண்கடன் கட்டத்தான்! 2005ல கொஞ்சப் பேர வச்சுப் பரீட்சை பாத்தாங்க. குழுக்கடன் வாங்குனவங்க தவணைய போன்ல கட்டணும்னு திட்டம். ஆனா சனங்க அத வேற விதமாப் பயன்படுத்துனாங்க. ஊருல இருக்கிற ஆளுக்குக் காசு அனுப்ப, பயணம் போகையில கையில எடுக்காமப் பத்திரமா வைக்க. பாத்துட்டு கம்பெனிக்காரங்க கடன் பேச்ச விட்டுட்டு, “வீட்டுக்குக் காசு அனுப்புங்க”ன்னு வெளியில விட்டாங்க. அதுக்கப்புறம்தான் நாடு முழுக்கப் பரவிச்சு.
கடன் பின்னால திரும்பி வந்திச்சு. 2012ல பேங்கோட சேர்ந்து போன்லயே கடன். அப்புறம் யாரு யாரோ ஆப் போட்டுக் குடுத்தாங்க. கட்டாதவங்க போன்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்த வாங்குனாங்க. சின்னக் கடனுக்கெல்லாம் கட்டாதவங்க பட்டியல்ல பேர ஏத்துனாங்க. 2020ல 1,000 ஷில்லிங்குக்குக் கீழ இருக்கிற கடனுக்குப் பேர ஏத்தக்கூடாதுன்னு மத்திய வங்கி சொல்லிச்சு. 2022ல ஆப்காரங்க எல்லாம் உரிமம் எடுக்கணும், சொந்தக்காரங்களுக்குப் போன் பண்ணக்கூடாதுன்னு சட்டவிதி கொண்டுவந்தாங்க. சனங்க பட்டதுக்குப் பிறகுதான் விதி வந்திச்சு அம்மா.

பெரியப்பா கந்தப்பளை (10:28)
அப்ப எங்கதான் ஒழுங்காக் குடுக்குறாங்க?

நான் (10:41)
ஒண்ணு சொல்றேன் பெரியப்பா. கென்யாவோட மேற்குப் பக்கம் 2006ல ஆரம்பிச்ச ஒன் ஏக்கர் ஃபண்டுன்னு ஒரு அமைப்பு. காசாக் குடுக்காம வெதையும் உரமுமாக் கடன் குடுக்குறாங்க, நடுறதுக்கு முன்னாடியே ஊருக்குக் கிட்ட கொண்டாந்து. திருப்பிக் கட்டுறதுக்கு செவ்வாக்கிழமை கிடையாது. பருவம் முடியிறதுக்குள்ள எப்ப முடியுமோ, எவ்வளவு முடியுமோ கட்டலாம். கோழி வித்தா கொஞ்சம், சோளம் வித்தா கொஞ்சம். இப்ப போன்லயே கட்டுறாங்க, அதனால மீட்டிங்குக்குக் காசத் தூக்கிட்டுப் போக வேணாம்.

பெரியப்பா கந்தப்பளை (10:44)
அது நல்லாருக்கு. கரட் போட்டா மூணு மாசம் கையில ஒரு சதம் வராது. அந்த மூணு மாசமும் கிழமைக் கடன் கட்டுன்னா எங்க போறது?

தம்பி (10:52)
(அம்மா) அப்ப கடன் குடுக்குறதா வேணாமாங்கிறது இல்ல பேச்சு. நமக்குக் காசு எப்ப கைக்கு வருதுன்னு கேட்டுட்டுத்தான் கடன் குடுக்கணும். இத்தன வருசத்துல ஒருத்தராவது எங்கிட்ட அதக் கேட்டதில்ல பாப்பா. நீ அங்க போனா அந்தப் பொம்பளைங்ககிட்ட அத மொதல்ல கேளு. இன்னொண்ணு, மடுவத்துல கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தன கிலோ கழிக்கிறாங்கன்னும் கேளு. மின்தராசுன்னாலும் கழிக்கிறவன் கழிப்பான். அந்தக் கணக்க வச்சுத்தான் கடன்னா, ஒரு கிலோ கழிச்சாலும் கடனும் சேந்துதானே கொறையும்?

நான் (10:55)
அம்மா. இது எங்க பீடத்துல யாரும் சொல்லாதது. அப்படியே எழுதி எடுத்துட்டேன். போற நாளுக்கு முன்னாடி இன்னும் சொல்லுங்க.

மாமா நானுஓயா (11:20)
சரி. நான் கேட்டதுக்குப் பதில் கெடச்சிருச்சு. புள்ள போகட்டும். சூட்கேஸ் எங்க வீட்டுல இருக்கு, சில்லு நல்லா ஓடும், கொண்டாறேன். அங்க வெயில் எப்படி?

நான் (11:23)
நைரோபியும் நம்ம நுவரெலியா மாதிரி மலைமேலதான் மாமா, கிட்டத்தட்ட 1,800 மீட்டர். ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேணும். தேயிலையும் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். நமக்கும் அங்கைக்கும் ரெண்டரை மணித்தியாலந்தான் வித்தியாசம். அம்மா மலையில இருந்து வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெனமும் பேசலாம்.

சித்தி குவைத் (11:30)
ஊசி?

நான் (11:34)
மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும் சித்தி. கென்யாவுல இருந்து திரும்பி வர்றப்ப நம்ம நாட்டுலயே அந்த அட்டையக் கேப்பாங்க. போட்டு 10 நாளைக்குப் பிறகுதான் செல்லும். கொழும்புல செவ்வாக்கிழமைக்கு நேரம் கெடச்சிருக்கு. ஹட்டன்ல இருந்து ராத்திரி பஸ்ல போறேன்.

பெரியப்பா கந்தப்பளை (11:50)
புள்ள, கொப்பிய போட்டோ எடுத்து அனுப்பட்டா? 2003ல இருந்து இருக்கு. மழையில ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு, மத்ததெல்லாம் வாசிக்கலாம்.

நான் (11:51)
எல்லாப் பக்கமும் அனுப்புங்க பெரியப்பா. ஒட்டுன பக்கத்தையும்.

பெரியப்பா கந்தப்பளை (12:06)
📷 14 படங்கள்

தம்பி (12:10)
(அம்மா) செவ்வாக்கிழமை நான் மலைக்குப் போகல. நானும் கொழும்புக்கு வர்றேன். ரெண்டு சீட் போடு.