குழந்தைகளின் மழலைப் பேச்சைக் காத்து வைக்க வழி சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் 4 வயது நிறைகிறது. பிறந்த அன்று என் முன்கையின் நீளத்துக்குள் அடங்கிக் கிடந்தவள், சென்ற வாரம் தாழ்ப்பாளைத் தானே எக்கித் திறந்துகொண்டு வந்து நின்றபோது, நாட்கள் எப்படித்தான் ஓடின என்று திகைத்துப் போனேன். முதல் ஆண்டில் மட்டும் குழந்தைகள் ஏறத்தாழ 25 செ.மீ. வளர்கிறார்கள். ஆனால் என் கவலை உயரத்தைப் பற்றியதன்று. இதுவரை "தித்தப்பா" என்றே அழைத்து வந்தவள், ஒரு நாள் பிசகின்றிச் "சித்தப்பா" என்றாள். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு மட்டும் ஏதோ கைநழுவிப் போனது போலிருந்தது, ஏனெனில் அந்த மழலையை நான் ஒரு முறைகூட ஒலிப்பதிவு செய்திருக்கவில்லை.

பெரும்பாலோருக்கு 3 வயதுக்கு முந்தைய நிகழ்வுகள் பின்னாளில் நினைவில் நிற்பதில்லை என்பதால், அவற்றை நாம்தான் காத்துத் தர வேண்டும் என்று கருதுகிறேன். இவ்வாறு பதிவு செய்து வருபவர்கள், எவ்வளவு இடைவெளியில் செய்கிறீர்கள், குழந்தை கூச்சமின்றிப் பேச என்ன செய்கிறீர்கள், 20 ஆண்டுகள் கழித்தும் கேட்கும்படி கோப்புகளை எங்கே சேமிக்கிறீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அவளுடைய தம்பிக்கு இப்போது 8 மாதம். அவனுடைய முதல் சொல்லையாவது நான் தவறவிடக் கூடாது.