உயரத்திலிருந்து எறிந்த பந்து: நெடுக்க வாய்பாடு ஏன் பொருந்தவில்லை?

கேள்வி

வணக்கம். 15 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து, கிடைத்தளத்துக்கு 30° மேல்நோக்கி, 20 மீ/வி வேகத்தில் எறியப்படுகிறது. காற்றுத்தடையைப் புறக்கணித்து, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொண்டு, கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தொலைவில் பந்து தரையைத் தொடும் எனக் காண வேண்டும். வேகத்தின் இருமடியை இருமடங்குக் கோணத்தின் சைனால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுக்கும் நெடுக்க வாய்பாட்டின்படி 34.6 மீட்டர் வருகிறது. விடைக்குறிப்பிலோ 52 மீட்டர் என்றுள்ளது. இந்த வேறுபாடு எதனால்?

பதில் 1

அந்த வாய்பாடு, எறிந்த மட்டத்துக்கே பொருள் திரும்பி வந்து விழும்போது மட்டும் செல்லும். அதைத் தருவிக்கும்போதே செங்குத்து இடப்பெயர்ச்சி சுழி என்று வைத்துக்கொள்கிறோம். இங்கே பந்து எறிந்த இடத்துக்கு 15 மீட்டர் கீழே விழுகிறது. ஆகவே வாய்பாட்டை விட்டுவிட்டு, திசைவேகத்தைக் கூறுகளாகப் பிரித்துத் தொடங்குங்கள்.

கிடைத்தளக் கூறு 20 × கொசைன் 30° = 17.32 மீ/வி. அத்திசையில் விசை எதுவும் இல்லாததால் இது கடைசிவரை மாறாது. செங்குத்துக் கூறு 20 × சைன் 30° = 10 மீ/வி. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், தரையைத் தொடும்போது பந்தின் செங்குத்து இடப்பெயர்ச்சி −15 மீட்டர். இந்தக் குறியை விட்டுவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். செங்குத்து இயக்கத்துக்கான சமன்பாடு இது (5 என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் பாதி):

−15 = 10 × காலம் − 5 × காலம்²

இதை 5 ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால்:

காலம்² − 2 × காலம் − 3 = 0

தீர்வுகள் 3, −1. எறிந்த பிறகு நடப்பதையே கேட்டிருப்பதால் காலம் 3 வினாடி, தொலைவு 17.32 × 3 = 51.96 மீட்டர்.

பதில் 2

நீங்கள் கண்ட 34.6 மீட்டருக்கும் பொருள் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பந்து 1 வினாடியில் உச்சத்தை அடைந்து, 2 ஆம் வினாடியின் முடிவில் கட்டட உச்சியின் மட்டத்துக்கு இறங்கி வருகிறது. அப்போது அது கடந்திருக்கும் கிடைத்தளத் தொலைவு சரியாக 34.64 மீட்டர். அந்த இடத்தில் அதன் கீழ்நோக்கிய வேகம் 10 மீ/வி. அடுத்த ஒரு வினாடியில் 10 + 5 = 15 மீட்டர் இறங்கித் தரையைத் தொடுகிறது, அதற்குள் இன்னும் 17.32 மீட்டர் முன்னே சென்றுவிடுகிறது. இருபடிச் சமன்பாடு இல்லாமலேயே விடையைச் சரிபார்க்க இந்த வழி உதவும்.

கேள்வி கேட்டவர்

இப்போது தெளிவாகிவிட்டது, நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள்: −1 என்ற தீர்வு வெறும் கணிதத் துணைவிளைவுதானா? 45° கோணத்தில் எறிந்திருந்தால் பந்து இதைவிடத் தொலைவில் விழுந்திருக்குமா?

பதில் 3

−1 பொருளற்ற தீர்வு அன்று. இதே பரவளையப் பாதையைப் பின்னோக்கி நீட்டினால், எறிந்த கணத்துக்கு 1 வினாடி முன்னர் அது தரைமட்டத்தில் தொடங்கியிருக்கும். அங்கிருந்து செங்குத்தாக 20 மீ/வி, கிடையாக 17.32 மீ/வி என்ற கூறுகளுடன் ஒரு பந்தை எறிந்தால், அது ஒரு வினாடி கழித்து உங்கள் பந்தின் தொடக்க நிலையை அதே திசைவேகத்துடன் கடக்கும். இரண்டு தீர்வுகளும் உச்சத்தை அடையும் 1 ஆவது வினாடிக்கு இருபுறமும் சமமாக, 2 வினாடி இடைவெளியில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு விடை பலருக்கும் வியப்பளிக்கும். 45° கோணத்தில் இரு கூறுகளும் 14.14 மீ/வி, தரையைத் தொட 3.65 வினாடி ஆகும். தொலைவு ஏறத்தாழ 51.6 மீட்டர். அதாவது 30° கோணத்தில் கிடைத்ததைவிடச் சற்றுக் குறைவு! சமதளத்தில் ஒரே நெடுக்கத்தைத் தரும் 30°, 60° ஆகிய இரண்டும் இங்கே பிரிந்துவிடுகின்றன. 60° கோணத்தில் 41.8 மீட்டர்தான் கிடைக்கும். உயரத்திலிருந்து எறியும்போது கீழிறங்கும் கூடுதல் நேரம் முழுவதும் கிடைத்தளக் கூறே பந்தை முன்னே கொண்டுசெல்கிறது என்பதால், பெரும நெடுக்கத்துக்கான கோணம் 45° ஐ விடக் குறைவாகவே அமையும். இந்தக் கணக்கில் அது சுமார் 37°, நெடுக்கம் 52.9 மீட்டர்.